சிக்கன உற்பத்தியும் அதன் அளவுகோலும்



மதுரையில் தோன்றிய டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன், 1998இல் ஜப்பானின் டெமிங் தரப் பரிசைப் பெற்றது. ‘லீன்’ எனப்படும் சிக்கன உற்பத்தியும் அந்நாட்டில் வளர்ந்ததே. டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ கூறிய ஏழு விரயங்களுள் தலையாயது மிகையுற்பத்தி. அது முதலை முடக்கும், பழுதையும் மறைக்கும்.

தல்லாகுளத்துச் சிறு பட்டறைக்கும் இது பொருந்தும். ஆர்டர் வந்த நாள் முதல் சரக்கு அனுப்பும் நாள் வரை எத்தனை நாள்? அதில் உண்மையாக வேலை நடந்தது எத்தனை மணி? எஞ்சியதெல்லாம் காத்திருப்பே. அது திங்கள்தோறும் குறைகிறதா என்பதே அளவுகோல். சுவரில் ஒட்டும் வண்ண அட்டவணைகள் அன்று. ஆட்குறைப்பை இக்கணக்கில் சேர்த்தல் தகாது. வேலை போய்விடுமென்று அஞ்சும் தொழிலாளி, தன் எந்திரத்தில் கண்ட பழுதை வாய்திறந்து சொல்லமாட்டார்.