சுவேன்யோ: தூக்கமா, கனவா?

இன்னைக்கு ஒரே ஒரு ஸ்பானிஷ் சொல்: சுவேன்யோ. தூக்கத்துக்கும் அதுதான், கனவுக்கும் அதுதான். லத்தீன்ல சோம்னுஸ், சோம்னியும்னு தனித்தனியா இருந்த ரெண்டு சொல் இங்க ஒண்ணாயிடுச்சு.

பேச்சுல குழப்பம் இல்லை. ‘தெங்கோ சுவேன்யோ’ன்னா தூக்கம் வருது. ‘துவே உன் சுவேன்யோ’ன்னா ஒரு கனவு கண்டேன். (அந்த ‘உன்’ நம்ம ‘உன்’ இல்லைங்க, ‘ஒரு’!)

சிக்கல் கோயாகிட்டதான். 1799-ல வெளியான ‘லாஸ் காப்ரிச்சோஸ்’ வரிசையில 43-வது படம். மேசையில தலைகவிழ்ந்து ஒருத்தர், பின்னாடி ஆந்தைகள், வௌவால்கள். பகுத்தறிவின் சுவேன்யோ அரக்கர்களை உண்டாக்கும்னு மேசையிலயே எழுதியிருக்கு. தூக்கம்னு படிச்சா, அறிவு அசந்தா ஆபத்து. கனவுன்னு படிச்சா, அந்த அரக்கர்களைப் பெத்ததே அறிவுதான். பெரும்பாலும் தூக்கம்னுதான் மொழிபெயர்க்கிறாங்க. நாள் முழுக்க கோட் எழுதுற எனக்கு ரெண்டாவதுதான் பயமா இருக்கு.