ஒரே நடிகர், முப்பதுக்கும் மேற்பட்ட வேடங்கள்



'மேடையில் ஓரினச் சேர்க்கையாளர்' என்ற இன்றைய தலைப்பில் நான் ஒரே ஒரு நாடகத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அமெரிக்க எழுத்தாளர் டக் ரைட் எழுதிய 'நானே என் மனைவி'. 2003ஆம் ஆண்டு நியூயார்க்கில் மேடையேறி, மறு ஆண்டே புலிட்சர் பரிசும் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதும் பெற்றது. நடிப்பவர் ஒருவர்தான். கறுப்பு கவுன், கழுத்தில் முத்துமாலை. முப்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களுக்கும் ஏறக்குறைய இதே உடைதான். குரல் மாறும், தோள் சற்று நிமிரும், ஆளே மாறிவிடுவார். கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பாகவதர் ஒருவரே சீதையாகவும் இராவணனாகவும் பேசும்போது நாம் குழம்புவதில்லையே!

கதை ஷார்லட் ஃபான் மால்ஸ்டோர்ஃப் என்பவருடையது. 1928இல் பெர்லினில் ஆண் பிள்ளையாகப் பிறந்து, பெண்ணாக உடுத்தி வாழ்ந்தவர். (தமிழில் 'அவர்' என்ற சொல் இருப்பது எனக்கு இங்கே பெரிய உதவி.) நாஜி ஆட்சி, பிறகு கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சி, இரண்டையும் தாண்டி உயிரோடிருந்தார். பழைய மேசை நாற்காலிகள், கடிகாரங்கள், கிராமபோன்கள் என்று சேர்த்து 1960இல் ஓர் அரும்பொருளகம் திறந்தார். ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடிய பழைய மதுக்கூடம் ஒன்றை அரசாங்கம் இடிக்கவிருந்தபோது, அதன் தளவாடங்களை அப்படியே கொண்டுவந்து தம் வீட்டின் நிலவறையில் வைத்தார். பின்னாளில் அங்கேயே அவர்கள் மறுபடியும் கூடினார்கள்.

இப்படிப்பட்டவரை வீரராகக் காட்டத்தான் டக் ரைட் பேட்டி எடுக்கப் போனார். பெர்லின் சுவர் விழுந்தபின் ரகசியப் போலிஸின் கோப்புகள் வெளியே வந்தன. ஷார்லட் அவர்களுக்குத் தகவல் சொல்பவராக இருந்திருக்கிறார்! பழம்பொருள் சேகரித்த அவருடைய நண்பர் சிறைக்குப் போனார். "என்னைக் காட்டிக்கொடுத்து நீ தப்பித்துக்கொள்" என்று நண்பரே சொன்னார் என்பது ஷார்லட் தரும் விளக்கம். கோப்பைப் படித்தால் வேறு படம் கிடைக்கிறது.

எழுத்தாளருக்குக் கை ஓடவில்லை. கடைசியில் தம்மையும் ஒரு பாத்திரமாக நாடகத்துக்குள் கொண்டுவந்தார். கேள்வி கேட்கும் பத்திரிகையாளர்கள், சிறைக்குப் போன நண்பர், ஷார்லட், குழம்பி நிற்கும் எழுத்தாளர் எல்லாருக்கும் ஒரே வாய். பத்து நடிகர்கள் நடித்திருந்தால் நாம் சுலபமாக ஒரு பக்கம் சேர்ந்திருப்போம். ஒருவரே நடிப்பதால் அது முடிவதில்லை. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவரும் அதில் வருகிறார். என் தொழில் அல்லவா, அந்தக் காட்சி எனக்குக் கொஞ்சம் சுட்டது. மூன்று நிமிடத்துக்குள் ஒரு மனிதரை நல்லவர், கெட்டவர் என்று முடித்துவைப்பது எங்கள் பழக்கம்.

நம் படங்களில் இப்படிப்பட்ட பாத்திரம் வந்தால் பெரும்பாலும் கேலிக்கு, இல்லாவிட்டால் கண்ணீருக்கு. பொய்யும் சொல்லி, துணிச்சலும் காட்டுகிற முழு மனிதராக எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? சிங்கப்பூரில் 377ஏ சட்டப்பிரிவை நீக்க 2022 நவம்பரில் நாடாளுமன்றம் முடிவு செய்தது. சட்டம் போய்விட்டது. ஆனால் 'படித்து, சம்பாதித்து, பெயர் கெடாமல் இருந்தால் ஏற்றுக்கொள்கிறோம்' என்ற பேரம் இன்னும் நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. அண்ணன் தம்பிகளில் மற்றவர்களிடம் நாம் அந்தப் பேரம் பேசுவதில்லை.

நாடகத்தின் முடிவில் ஷார்லட்டின் சிறுவயதுப் புகைப்படம் ஒன்று வருகிறது. இரண்டு பக்கமும் சிங்கக் குட்டிகள், நடுவில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.