சம்மனைக் கண்டு ஒளிய வேண்டாம்

(அந்தியூரில் விவசாயத் தொழிலாளர், நெசவாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



கோர்ட்டு என்று பேச்செடுத்தாலே நம் பக்கத்துப் பெரியவர்கள், "ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்" என்பார்கள். கோர்ட்டுப் படி ஏறுவதே குடும்பத்துக்கு இழுக்கு என்பாரும் உண்டு. இந்த வெறுப்பு சும்மா வந்ததல்ல. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். 1973-ல் சென்னை ஹைகோர்ட்டு மிராசுதாரர்களை விடுதலை செய்தது. நிலமும் காரும் உள்ளவர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்று அது சந்தேகப்பட்டது. ஏழைக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

முன்பு ஜூரிகள் இருந்தார்களே, ஜனங்கள் கையில் தீர்ப்பு இருந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். பம்பாயில் 1959-ல் நானாவதி கொலை வழக்கில் ஜூரிகள் 8-க்கு 1 என்ற கணக்கில் குற்றவாளியல்ல என்றார்கள். ஹைகோர்ட்டு அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. நம் வரப்புத் தகராறுக்கும், கடன் வழக்குக்கும் ஜூரி என்றுமே வந்ததில்லை. அங்கே நீதிபதி ஒருவர்தான். எதிரே வந்து நிற்பவர் சொல்வதைத்தான் அவர் கேட்க முடியும்.

வராதவன் கதி என்ன? நாங்கள் கிராமம் கிராமமாகப் போகையில் காண்பது இதுதான். அவசரத்துக்குக் கடன் வாங்குகிறவர் வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போடுகிறார். தொகையைப் பிறகு வட்டிக்காரர் எழுதிக்கொள்கிறார். வழக்கு வருகிறது. சம்மன் கொண்டுவரும் அமீனாவைக் கண்டதும் நம்மவர் மாமியார் வீட்டுக்குப் போய்விடுகிறார், அல்லது வாங்க மறுக்கிறார். மறுத்தாலும் சார்பு செய்ததாகவே சட்டம் கொள்ளும். ஒருதலைத் தீர்ப்பாகிறது. அந்த டிக்ரி 12 வருஷம் உயிரோடிருக்கும். வட்டிக்காரர் நியாயத்தால் ஜெயிக்கவில்லை, நம் பயத்தால் ஜெயிக்கிறார்!

ஆகவே சம்மனை வாங்குங்கள். 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்யுங்கள். காரணம் காட்டினால் 90 நாள் வரை தவணை கிடைக்கும். ஒருதலைத் தீர்ப்பாகிவிட்டாலும், 30 நாளுக்குள் தக்க காரணம் சொல்லி அதை ரத்து செய்யக் கேட்கலாம். சம்மனே முறையாக வராதிருந்தால், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து அந்த 30 நாள். ஜப்தி என்று மிரட்டுவார்கள். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கைத்தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர் மாடு, கூலிக்காரரின் கூலி, அவர் குடியிருக்கும் வீடு இவற்றைப் புரோநோட்டுக் கடனுக்கு ஜப்தி செய்ய முடியாது. அடமானம் வைத்த வீடு வேறு விஷயம். கந்துவட்டி, மீட்டர் வட்டியைத் தடுக்க 2003-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம்? பெண்கள், தாழ்த்தப்பட்டோர், மலைவாசிகள், ஆலைத் தொழிலாளர்கள் இவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டுமென்பது 1987-ஆம் வருஷத்துச் சட்டம். மற்ற ஏழைகளுக்கும் வருமான வரம்புக்குள் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. ஏட்டிலிருந்து இறங்கிவர, நாம் சேர்ந்து நிற்க வேண்டும். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியைப் பாருங்கள். 1992 ஜூனில் அந்த மலைமக்கள் கிராமத்தை வனத்துறையும் போலீசும் சூறையாடின. 18 பெண்களைக் கெடுத்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 269 அதிகாரிகளும் சிப்பந்திகளும். அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. சங்கமும் கட்சியும் உடன் நின்றன. 2011-ல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளென்று தீர்ப்பாயிற்று. 2023-ல் ஹைகோர்ட்டு அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருஷம், மேலும் பன்னிரண்டு வருஷம்! தாமதம் அக்கிரமம்தான். ஆனால் சாட்சி சொல்ல வராதிருந்தால் அந்தத் தீர்ப்பே வந்திராது.

கோர்ட்டு ஒன்றே சுரண்டலை ஒழித்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதை வட்டிக்காரருக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறோம். வாய்தா நாளில் யாரும் தனியாகப் போக வேண்டாம். சங்கத்தில் சொல்லுங்கள், நாலு பேர் கூட வருவோம்!