சர்க்கஸில் ஒரு புது ஐட்டம் எப்படிப் பிறக்கிறது?

சர்க்கஸ் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் பார் ஆடுகிறவர்களைப் பற்றித்தான் கேட்பாங்க. நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. அவங்க தொங்குகிற கயிறு, கப்பி, கொக்கி இதையெல்லாம் கூரையில் கட்டுகிற ரிக்கிங் வேலை என்னுடையது. இருப்பது மான்ட்ரியலில். 1981-லேயே சர்க்கஸுக்கென்று ஒரு தேசியப் பள்ளி தொடங்கிய ஊர் இது. ஒரு புது ஐட்டம் எப்படி உருவாகுதுன்னு இன்னைக்கு என் பக்கத்திலிருந்து சொல்றேன்.

ஒரு கலைஞர் உட்கார்ந்து யோசிப்பார், புது வித்தை தோன்றும், அதற்கேற்ப நாங்கள் கயிறு கட்டுவோம் என்றுதான் பலர் நினைக்கிறாங்க. பெரும்பாலும் நடப்பது தலைகீழ். முதலில் கயிற்றை வேறு மாதிரி கட்டிப் பார்க்கிறோம். உடம்பு அதில் என்ன செய்யுதுன்னு கவனிக்கிறோம். வித்தை அப்புறம்தான் வரும்.

பறக்கும் ட்ரப்பீஸே அப்படி வந்ததுதான். ஜூல் லெயோத்தார் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். அவருடைய அப்பா தூலூஸ் நகரத்தில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தார், நீச்சல் குளத்தோடு. அந்தக் குளத்துக்கு மேலே தொங்கிய பார்களில்தான் மகன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பழகினார். 1859 நவம்பர் 12-ஆம் தேதி பாரிஸில் அதை மேடையேற்றினார். இதில் பாரை விட எனக்கு முக்கியமாகப் படுவது கீழே இருந்த தண்ணீர். பிடி தவறினால் நனைவார், அவ்வளவுதான். பத்து தடவை தவறினாலும் பதினோராவது தடவை ஏறலாம். விழுந்தால் அடிபடாது என்ற நிலை இருந்தால்தான் சோதனையே செய்ய முடியும்.

சரி, எங்க கதைக்கு வர்றேன். ஒரு சிறு குழு. ஒரு பெண், ஒரு ஆண். கூரையில் நாலு மீட்டர் இடைவெளியில் இரண்டு கப்பி, அதன் வழியே ஒரே கயிறு. ஒரு முனை அந்தப் பெண்ணின் இடுப்பு பெல்ட்டில், மறு முனை அந்த ஆணின் பெல்ட்டில். ஒருவர் இறங்கினால் மற்றவர் ஏறுவார், கிணற்றில் இரட்டை வாளி மாதிரி. இது பழைய ஏற்பாடுதான்.

ஆள் ஏறும் முன் மணல் மூட்டை கட்டுவது எங்கள் வழக்கம். இரண்டு பக்கமும் சம எடை. ஒரு மூட்டையைப் பக்கவாட்டில் இழுத்து ஆட விட்டோம். ஆடாமல் தொங்கிய அடுத்த மூட்டை மெதுவாக மேலே போக ஆரம்பித்தது! யாரும் இழுக்கவில்லை.

காரணம் எளிது. ஆடுகிற பொருள் தன் எடையை விட அதிகமாகக் கயிற்றை இழுக்கும். மேல்முனை அசையாமல் கட்டிய கயிற்றில், 60 கிலோ ஆள் கிடைமட்டத்திலிருந்து ஆடி வந்தால், அடிப்புள்ளியில் கயிற்றில் விழும் இழுப்பு மூன்று மடங்கு, 180 கிலோ. இரண்டு ஓரத்திலும் இழுப்பு குறையும். ஆனாலும் சராசரி, எடையை விடக் கூடுதல்தான். அந்தக் கூடுதல்தான் எதிர் மூட்டையைத் தூக்கியது.

அதைப் பார்த்ததும் அந்தப் பெண், "நான் ஆடுறேன், அவர் நடக்கட்டும்"னு சொன்னாங்க. ஐட்டம் அந்த இடத்தில் பிறந்தது.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கு. அவர் ஏற ஏற, ஆடுகிற பெண் ஒவ்வொரு வீச்சுக்கும் தரையை நெருங்குகிறார், அதுவும் வேகத்தோடு. கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு, அது கப்பியில் தட்டி நிற்கும்படி செய்தோம். மூட்டை நின்றது, ஆனால் வெட்டி இழுத்துத் துள்ளியது. அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "பெல்ட் தாங்கும்ல, ஏறிடறேன்"னு அந்தப் பெண் கேட்டாங்க. பெல்ட் தாங்கும், முதுகு தாங்காது. "மூட்டை துள்ளாமல் நிற்கும் வரை ஆள் ஏற வேண்டாம்"னு சொல்லிட்டேன். நாலு நாள் போச்சு. கடைசியில் முடிச்சை எடுத்துவிட்டு, பிரேக் வழியாக ஒரு தனிப் பாதுகாப்புக் கயிறு விட்டோம். அது என் கையில். இறக்கம் படிப்படியாகக் குறைந்து நிற்கும்.

இவ்வளவு பிடிவாதம் எதுக்குன்னு கேட்டால், லில்லியன் லைட்ஸல் பெயரைச் சொல்வேன். அவர் காலத்தில் சர்க்கஸின் உச்ச நட்சத்திரம். 1931 பிப்ரவரி 13, கோபன்ஹேகன். அவர் கயிறு முறுக்காமல் சுழல்வதற்காக மாட்டியிருந்த உலோகச் சுழலி உடைந்தது. விழுந்து இரண்டு நாளில் இறந்தார். கை தவறவில்லை, கருவி தவறியது. அதனால்தான் ஒவ்வொரு கொக்கியையும் தினமும் கையால் தடவிப் பார்க்கிறோம்.

எங்கள் ஐட்டத்தில் பெரிய குட்டிக்கரணம் எதுவும் இல்லை. அந்தப் பெண் ஆடுகிறார். அவர் நடக்கிறார். நடையில் எடை குறைகிறது, எட்டு நீளமாகிறது, ஒரு கட்டத்தில் கால் தரையை விட்டு எழும்புகிறது. மோட்டார் எங்கேன்னு மக்கள் மேலே தேடுவாங்க. அங்கே இரண்டு கப்பி மட்டும்தான் இருக்கும்.

அடுத்த முறை சர்க்கஸ் பார்க்கப் போனால் நீங்களும் ஒரு தடவை கூரையைப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.