கொங்கணக் கரையில் ஓர் ஐபீரிய நகரம்



ஸ்பெயின் தேசத்தின் தென்மேற்குக் கரையில், அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கி நிற்கும் காதிஸ் என்னும் புராதனத் துறைமுகத்துக்குச் செவில் நகரிலிருந்து காலையில் ரயிலேறிச் சென்று, மதில்களையும் மாதா கோயில்களையும் கண்டு களித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடும் பாக்கியம் அந்நாட்டாருக்கு உண்டு. அவ்வளவு தூரம் கடல்கடந்து செல்லப் புணேவாசிகளாகிய நம்மில் பலருக்கு வசதி இல்லாவிட்டாலும், அதே ஐபீரிய தீபகற்பத்து மாந்தர் எழுப்பிய நகரம் ஒன்று, ஒரே நாளில் போய்வரக்கூடிய தொலைவில், குண்டலிகா நதி அரபிக் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது. வடகரையில் ரேவ்தண்டா, தென்கரையில் கோர்லை.

ரேவ்தண்டாவை ஒட்டியுள்ள சௌல், கிரேக்க பூகோள சாஸ்திரியான தாலமியின் காலத்திலேயே பெயர் பெற்றிருந்த துறைமுகம். பட்டுநெசவும் குதிரை வியாபாரமும் செழித்த அந்தத் துறையின் முன்னே, 1508ஆம் ஆண்டு எகிப்திய, குஜராத்தி கப்பற்படைகளோடு நடந்த போரில், போர்த்துகீசிய ராஜப்பிரதிநிதியின் புதல்வன் லூரென்சோ டி அல்மெய்தா உயிர்நீத்தான். ஆயினும் 1521இல் அகமதுநகர் நிஜாம் ஷாவிடம் அனுமதி பெற்றுப் போர்த்துகீசியர் ரேவ்தண்டாவில் கோட்டை கட்டினார்கள். 1570-71இல் அதே அகமதுநகர்ச் சைனியம் முற்றுகையிட்டபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. 1580 முதல் 1640 வரை போர்த்துகல்லின் மகுடம் ஸ்பெயின் மன்னர்களின் சிரசில் இருந்தபடியால், 1594இல் கோர்லைக் குன்று போர்த்துகீசியர் கைக்கு வந்தபோது, அவர்கள் இரண்டாம் பிலிப் என்னும் ஸ்பானிய அரசனின் பிரஜைகளாகவே இருந்தார்கள்.

இனிப் பிரயாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். விடியுமுன் ஸ்வார்கேட்டில் அலிபாக் செல்லும் எஸ்.டி. பேருந்தில் ஏறி, கண்டாலா மலைச்சரிவில் இறங்கி, கோபோலி, பேண் வழியாக அலிபாக் சேர்ந்து, அங்கிருந்து வேறு பேருந்தில் ரேவ்தண்டா செல்லலாம். மாநிலத்துக்குள் ஓடும் இப்பேருந்துகளில் பெண்களுக்கு 2023 முதல் அரைக்கட்டணம். 65 வயது கடந்தவர்களுக்கும் அவ்வாறே. 75 வயது நிரம்பிய பெரியோர்க்குக் கட்டணமே இல்லை. ஆகையால் பாட்டியையும் பேரக்குழந்தையையும் அழைத்துச் செல்லும் குடும்பத்துக்குச் செலவு கையைக் கடிக்காது. புளிசாதமும் தயிர்சாதமுமாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டால், மத்தியானப் போஜனத்தைப் பற்றிய கவலையும் ஒழிந்தது. மழைக்காலத்தையும் கோடையையும் விலக்கி, கார்த்திகைக்கும் மாசிக்கும் இடைப்பட்ட நாட்களில் புறப்படுவது உசிதம்.

ரேவ்தண்டாவில் கோட்டைக்குள்ளேயே ஊர் இருக்கிறது. கரிய கற்களால் ஆன மதிலைத் தாண்டி உள்ளே நடந்தால், இருபுறமும் தென்னையும் கமுகும் அடர்ந்த தோப்புகள்; அவற்றின் நடுவே, கூரை இழந்த தேவாலயச் சுவர்களில் ஆலமரத்தின் வேர்கள் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே புகுந்து, பிளப்பதும் பிணைப்பதுமாகிய இரு காரியங்களையும் ஏககாலத்தில் செய்துகொண்டிருக்கின்றன. ஏழடுக்குக் கோபுரம் என்று ஊரார் வழங்கும் உயர்ந்த கோபுரத்தின் எஞ்சிய பகுதியையும் அங்கே காணலாம். பின்னர் முருட் செல்லும் பேருந்தில் சாளாவ் பாலத்தைக் கடந்து கோர்லையில் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அருகிலிருந்து குன்றின்மேல் ஏறினால், ஒருபுறம் நதியும் மறுபுறம் கடலுமாக நீண்டு கிடக்கும் முகட்டில், பீரங்கிகளும் சிதைந்த மாதா கோயிலும் நம்மை எதிர்கொள்ளும். இவை யாவற்றிலும் அரிய அதிசயம் அடிவாரக் கிராமத்தில் இருக்கிறது: போர்த்துகீசியர் போய் ஏறக்குறைய முந்நூறு வருஷங்கள் ஆகியும், அவர்களுடைய பாஷையிலிருந்து பிறந்து மராத்தியோடு உறவாடி வளர்ந்த ஒரு மொழியை, அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்றும் தம் இல்லங்களில் பேசிவருகின்றன.

இந்தக் கரையில் போர்த்துகீசிய ஆதிக்கத்தின் முடிவு நம் புணேயோடு சம்பந்தப்பட்டது. சனிவார் வாடா அரண்மனையை நிர்மாணித்த பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா 1739இல் போர்த்துகீசியரின் வசாய்க் கோட்டையை வென்றதன் பயனாக, மறு ஆண்டு சௌலும் கோர்லையும் மராட்டியர் வசமாயின. ஆதலால் சனிவார் வாடாவின் வாயிலை நாள்தோறும் கடந்து செல்லும் நாம் ரேவ்தண்டாவையும் பார்த்தாலன்றி, புணேயின் சரித்திரத்தில் பாதியையே அறிந்தவர்களாவோம்.

பெரும் பொருள் செலவழித்துத் தூரதேசம் போவோரை நான் குறைகூற மாட்டேன். ஆனால் கையிலிருக்கும் சிறுதொகையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குழந்தைகளுக்காக ஒதுக்குங்கள். சுவரில் பெயர் கீறாமலும் குப்பை போடாமலும் நடந்து பாருங்கள். கோர்லைவாசிகளோடு இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசிவிட்டு வாருங்கள். பாடப்புத்தகம் பல வாரங்களில் கற்பிப்பதை, அந்த ஒரு பகற்பொழுது உங்கள் குழந்தைகளுக்குக் கற்பித்துவிடும்.