ஒரே வேதம், இரு தீர்ப்பு



காணி உறுதியிலுள்ள ஒரு சொல்லுக்கு இரு அப்புக்காத்துமார் இரு பொருள் உரைப்பதை நாம் அறிவோம். வேலி ஓரடி நகர்வதும் நகராததும் அச்சொல்லிலேயே தங்கியிருக்கும். வேதநூற் சொல்லுக்கும் அத்தகைய வழக்குண்டு. ஆனால் அங்கே தீர்மானமாவது வேலியன்று. ஒரு தாயின் உயிரும், அவள் வயிற்றில் வளரும் கருவின் கதியுமாகும். கருச்சிதைவு குறித்து ஐக்கிய அமெரிக்காவில் நிகழும் அரசியற் போரில் இதனைக் கண்கூடாகக் காண்கிறோம்.

அப்போரில் இரு சாராரும் எடுத்தாளும் வசனம் யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஆடவர் சண்டையிடுகையில் கர்ப்பிணி ஒருத்தி அடிபடுகிறாள். வயிற்றிலிருந்த பிள்ளை வெளிப்படுகிறது. சேதம் நேராவிடின் அபராதம். நேரின் உயிருக்கு உயிர். சேதம் யாருக்கு? எபிரேய மூலம் வெளிப்படையாகக் கூறவில்லை. தாய்க்கு என்றனர் யூத குருமார். கரு வீழ்ந்ததற்கு அபராதமே தண்டனையாயின், கருவும் தாயும் சட்டத்தின்முன் நிகரல்ல என்பது அவர் முடிவு. மறுசாராரோ, பிள்ளை குறைமாதத்தில் உயிரோடு பிறந்தது என்றும், சேதம் என்பது தாய் சேய் இருவரையும் குறிக்கும் என்றும் வாதிப்பர். பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு, உருப்பெற்ற கரு, உருப்பெறாத கரு எனப் பிரித்து மூன்றாவது வழி சென்றது.

அமெரிக்காவில் வழங்கும் ஆங்கில பைபிள் ஒன்றின் 1977ஆம் ஆண்டுப் பதிப்பில் கருச்சிதைவு என்றிருந்த இடத்தில், 1995ஆம் ஆண்டுப் பதிப்பில் குறைப்பிரசவம் என்று வந்தது. மூலத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் பைபிளுக்கு ஆறுமுக நாவலர் உழைத்த யாழ்ப்பாணத்து மக்களாகிய நமக்கு, மொழிபெயர்ப்பாளன் தெரிந்தெடுக்கும் சொல்லின் பாரம் புதிதன்று.

இனி அரசியலைப் பார்ப்போம். 1971இல் தெற்கு பப்ரிஸ்ற் சபையினர், பலாத்காரம், கருவின் கடுமையான ஊனம், தாயின் உடல், மன நலக் கேடு முதலிய நிலைகளில் கருச்சிதைவை அனுமதிக்கும் சட்டம் வேண்டுமெனத் தீர்மானித்தனர். 1973இல் உச்ச நீதிமன்றம் கருச்சிதைவைப் பெண்ணின் உரிமையாக ஏற்றது. 1980இல் அதே சபையினர், தாயின் உயிரைக் காக்க அன்றி வேறெதற்கும் இடங்கொடாத தடையைக் கோரினர். ஒன்பது ஆண்டுகளில் வேதம் மாறவில்லை, வாசிப்பு மாறியது.

கருவையும் உயிரென மதிப்போரை நாம் இகழவில்லை. 139ஆம் சங்கீதத்தையும் எரேமியாவின் அழைப்பையும் அவர்கள் மெய்யன்போடு ஓதுகின்றனர். எளிய உயிரைக் காப்பது அரசின் கடன் என்னும் அவர் வாதத்திலும் நியாயமுண்டு. கத்தோலிக்கத் திருச்சபையோ தனி வசனத்தை மட்டுமன்றித் தொன்மை மரபையும் காட்டி நெடுங்காலமாகக் கருச்சிதைவை எதிர்த்து வந்துள்ளது.

ஆயினும், ஒருவர் வாசிப்பு எல்லோர்க்கும் சட்டமாகும்போது என்ன நேர்கிறது? 2022இல் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கி, அதிகாரத்தை மாநிலங்களிடம் ஒப்படைத்தது. சில மாநிலங்கள் ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்தன. உயிராபத்து எந்த நொடியில் தொடங்குகிறது என்று, நோயாளியை அருகில் வைத்துக்கொண்டு வைத்தியர் சட்டத்தை எண்ணித் தயங்கும் நிலை எழுந்தது. அவ்வாண்டே புளோரிடாவில் யூதச் சபையொன்று, தாயின் நலம் பேணும் தன் மதக் கடமையைப் புதிய சட்டம் தடுக்கிறதென்று வழக்கிட்டது. ஆம், இரு பக்கத்திலும் வேதமே நின்றது!

ஆகவே நாம் வேண்டுவது ஒன்று. வேதத்தை ஓதி வாக்குக் கேட்போர், அது தம் வாசிப்பென்று ஒப்புக்கொள்ளட்டும். பிற மதத்தவரும் மதமற்றவரும் எடைபோடக்கூடிய நியாயத்தையும் அதனோடு முன்வைக்கட்டும். வேலி வழக்கில் உறுதியை வாசிக்கும் கட்சிக்காரனே தீர்ப்பும் எழுதுவதை நாம் ஒப்புவதில்லை. உயிர் வழக்கில் மட்டும் ஒப்பலாமோ? வேதம் சொன்னது என்பவரிடம், எவர் வாசித்த வேதம் என்று பணிவோடு கேட்பது நிந்தனையன்று, குடிமக்களின் கடமை.