பள்ளிக்கூடச் சுவரும் உபாத்தியாயர் ஒழுங்கும்

(சங்கரன்கோவில் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதல்ல, பள்ளிக்கூடத்தைப் பற்றியது. "இவர்கள் சாமி இல்லையென்று சொல்லுவார்கள், கேட்டுவிட்டுப் போகலாம்" என்று வந்திருப்பவர்கள் ஏமாற்றமடைய வேண்டியதில்லை. இந்த விஷயத்திலும் சாமி வந்துதான் தீரும். ஏனென்றால், நமது நாட்டில் மனிதன் செய்கிற அயோக்கியத்தனங்களுக்கெல்லாம் சாமியின் தலையிலே பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக் கொள்வது நெடுநாளைய வழக்கமாக இருந்து வருகிறது.

நாம் கேட்கப் போவது இரண்டே கேள்விகள். பள்ளிக்கூடம் கட்டுவதற்குச் செலவாகும் பணத்துக்குக் கணக்குக் கேட்பவர் யார்? அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் உபாத்தியாயர் ஒழுங்காக நடந்து கொள்ளுகிறாரா என்று பார்ப்பவர் யார்? இரண்டுக்கும் பதில் கடைசியில் நாம் ஓட்டுக் கொடுத்துச் சட்டசபைக்கு அனுப்பும் மெம்பரிடம் போய்த்தான் நிற்கும். ஆனால் அவர் செய்ய வேண்டிய வேலை எது, செய்யக்கூடாத வேலை எது என்பதில்தான் நம் ஜனங்களுக்கு இன்னும் தெளிவு ஏற்படவில்லை.

முதலில் சுவரை எடுத்துக் கொள்ளுவோம். 2021-ஆம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி, இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய திருநெல்வேலி நகரில், சர்க்கார் உதவி பெறும் ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பிடச் சுவர் இடிந்து விழுந்து மூன்று பிள்ளைகள் மாண்டு போனார்கள். அவர்கள் போரில் சாகவில்லை, காய்ச்சலில் சாகவில்லை, இடைவேளையில் ஒன்றுக்குப் போன இடத்தில் செத்தார்கள். அதற்கு முன் 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில், சத்துணவு சமைத்த அடுப்பின் நெருப்பு கூரையைப் பற்றிக் கொண்டு 94 குழந்தைகள் வெந்து போனார்கள். ஒரே கட்டிடத்துக்குள் மூன்று பள்ளிக்கூடங்களை அடைத்து வைத்திருந்ததும், அதற்கு அநுமதிச் சீட்டும் கொடுக்கப்பட்டிருந்ததும் அப்புறந்தான் உலகத்துக்குத் தெரிந்தது. தஞ்சாவூர் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லப் பத்து வருஷம் பிடித்தது. 2014 ஜூலை 30-ந் தேதி 10 பேர் குற்றவாளிகள் என்றும் 11 பேர் குற்றமற்றவர்கள் என்றும் தீர்ப்பாயிற்று.

இந்த இரண்டு சம்பவங்களின்போதும் நம்மவர்கள் என்ன சொன்னார்கள்? "விதி" என்றார்கள், "ஆண்டவன் அழைத்துக் கொண்டான்" என்றார்கள். தோழர்களே! ஆண்டவன் அழைப்பதாயிருந்தால் கீற்றுக் கூரையும் விரிசல் கண்ட சுவரும் உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாத்திரம் வந்து ஏன் அழைக்க வேண்டும்? கான்கிரீட் கட்டிடமும் காவலாளும் உள்ள பணக்காரர் பள்ளிக்கூடத்துக்கு அவனுக்கு வழி தெரியாதா? விதி என்ற சொல்லால் லாபமடைகிறவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அஸ்திவாரம் போடாமல் சுவர் எழுப்பிய கண்டிராக்டருக்கும், வந்து பாராமலே கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கும், இருவரையும் கேள்வி கேட்காமல் விட்ட மெம்பருக்குமே அந்தச் சொல் கவசமாக இருக்கிறது.

இந்த ஊர்க் கோபுரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை செப்பனிட்டுக் குடமுழுக்குச் செய்ய வேண்டுமென்று சாஸ்திரம் சொல்லுகிறதாம். சாமி குடியிருக்கும் கட்டிடத்துக்கே விதியை நம்பாமல் கொத்தனாரை நம்புகிறார்கள்! பிள்ளைகள் குடியிருக்கும் கட்டிடத்துக்கு மாத்திரம் கொத்தனார் வேண்டாம், விதி போதும் என்றால் இது என்ன நியாயம்? ஆடித்தபசுக்கு வருகிறவர்கள் புற்றுமண்ணை மருந்தென்று வாங்கிக் கொண்டு போவதைப் பார்க்கிறோம். மண்ணின்மேல் அவ்வளவு பக்தி வைத்திருக்கிற நாம், பள்ளிக்கூடச் சுவரில் வைத்தது மண்ணா சிமெண்டா என்று ஒரு நாளாவது சுரண்டிப் பார்த்ததுண்டா?

மற்ற தேசத்தார் என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 1933 மார்ச் 10-ந் தேதி மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பாகப் பூகம்பம் ஏற்பட்டு, லாங் பீச் பக்கத்தில் பள்ளிக்கூடக் கட்டிடங்கள் பல பொலபொலவென்று உதிர்ந்தன. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்த நேரமாதலால் பெருஞ்சாவு தப்பிற்று. "சாமி காப்பாற்றினார்" என்று அவர்கள் சும்மா இருந்து விடவில்லை. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10-ந் தேதி, அந்த மாகாணச் சட்டசபை செய்த சட்டம் அமுலுக்கு வந்துவிட்டது. பொதுப் பள்ளிக்கூடம் எதையும் மாகாண சர்க்கார் நிபுணர்கள் படத்தைப் பார்த்து ஒப்புக் கொள்ளாமல் கட்டக்கூடாது. கட்டும்போது கண்டிராக்டருக்குக் கட்டுப்படாத ஒரு பரிசோதகர் கூடவே இருந்து பார்க்க வேண்டும். படத்தில் உள்ளபடியே கட்டியிருக்கிறது என்று பொறுப்புள்ளவர்கள் பிரமாணமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சட்டசபை மெம்பர் சுவரைக் கட்டவில்லை. சுவருக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைத்தார். அதுதான் அவர் வேலை.

நமது நாட்டில் பணமே ஒதுக்கப்படவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. திருநெல்வேலியில் சுவர் விழுந்த மூன்றாம் மாதம், 2022 மார்ச்சில், வரவு செலவுத் திட்டத்தில் பேராசிரியர் அன்பழகன் பெயரால் ஒரு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து வருஷத்தில் 7,000 கோடி ரூபாய், 18,000 வகுப்பறைகள் என்பது கணக்கு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நமக்கு நமஸ்காரத்தில் நம்பிக்கையில்லாவிட்டாலும், பிந்தி வந்த காரியமும் காரியமே என்று வரவேற்கத்தான் வேண்டும். இது தவிர, 2019-20 முதல் தொகுதி ஒன்றுக்கு வருஷம் 3 கோடி ரூபாய் மெம்பரின் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஏற்பட்டது. 234 தொகுதிக்கும் சேர்த்தால் வருஷத்துக்கு 702 கோடி. அந்தப் பணத்தில் வகுப்பறையும் கட்டலாம். மெம்பர் வேலையைச் சிபாரிசு செய்வார், கலெக்டர் மஞ்சூர் செய்வார், இலாகா கட்டும்.

கட்டி முடித்ததும் என்ன நடக்கிறது? வாசலில் பெரிய கல்லில் மெம்பரின் பெயர் ஏறுகிறது. மாலை, மேளம், "கொடை வள்ளல்" என்ற பட்டம்! "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்ற கதைதான். விசைத்தறிக்காரர் நூலுக்குக் கட்டிய வரியும், சம்சாரி உரத்துக்குக் கட்டிய வரியும், தாய்மார்கள் சோப்புக் கட்டிக்குக் கட்டிய வரியும் அந்தக் கட்டிடமாக நிற்கிறது. நம்முடைய பணத்தை நமக்கே தானம் செய்ததாக ஒருவர் கல் நாட்டிக் கொள்வதும், அதற்கு நாம் கைகூப்புவதும் சுயமரியாதைக்கு அடுக்குமா? அந்தக் கல்லில் மெம்பர் பெயருக்குப் பதிலாகக் கண்டிராக்டர் பெயரையும், என்ஜினீயர் பெயரையும், செலவான தொகையையும், எத்தனை வருஷத்துக்குச் சுவர் நிற்க வேண்டும் என்பதையும் வெட்டி வைக்கட்டும். அப்போது படிக்கிறவனுக்கு ஒரு பிரயோஜனம் உண்டு.

மெம்பரின் உண்மையான அதிகாரம் இந்த 3 கோடியில் இல்லை. கல்வி இலாகா மானியக் கோரிக்கை அவர் கைதூக்காமல் நிறைவேறாது. அந்த நேரத்தில் இந்தத் தாலுகாவில் எத்தனை கட்டிடம் பழுது, எத்தனை இடித்தாகிவிட்டது, எத்தனை திரும்பக் கட்டியாயிற்று என்று கேட்கலாம். தணிக்கைத் தலைவர் குற்றம் கண்டால் அதைப் பொதுக்கணக்குக் குழு எடுத்து அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். மந்திரி கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று பார்க்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. நாமே மனுப் போடுவதற்கு மனுக்கள் குழு இருக்கிறது. தனி மனிதர் குறையையும் கோர்ட்டில் இருக்கும் வியாஜ்யத்தையும் அது எடுக்காது. ஊர்ப் பொதுக் குறையை எடுக்கும். கோவில் உண்டியலில் எழுதிப் போடும் சீட்டுக்குப் பதில் வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. இந்த மனுவுக்குப் பதில் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

இனி உபாத்தியாயர் ஒழுங்குக்கு வருவோம். பணத்தையும் ஒழுங்கையும் ஏன் சேர்த்துப் பேசுகிறோம் என்று சிலர் கேட்கலாம். சேர்த்துப் பேசக் கற்றுக் கொடுத்ததே இந்தப் பழைய திருநெல்வேலி ஜில்லாதான். சேரன்மாதேவியில் வ.வே.சு. அய்யர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் கொடுப்பதாக ஒப்புக் கொண்டு 5,000 கொடுத்தது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி என்ற செய்தி வந்ததும், பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் 1925-ல் கிளர்ச்சி செய்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பொதுப் பணத்தை வாங்கிக் கொண்டு பிள்ளைகளைப் பிறவியால் பிரித்து வைக்கப் பாத்தியதை ஏது? பணம் எங்கே போகிறதோ அங்கே கேள்வியும் கூடவே போக வேண்டும். நமது இயக்கத்தின் கருவே அந்தக் கேள்விதான்.

நூறு வருஷம் ஆகிவிட்டதே, இன்னும் அது எதற்கு என்பீர்களானால், 2022 செப்டம்பரில் இதே சங்கரன்கோவில் தாலுகாவில் பாஞ்சாங்குளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கப் போனபோது, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி ஜாதியின் பேரால் கொடுக்க மறுத்தார்கள். அது படமாக வெளிவந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது நடந்தது. கடைவாசலில் நடந்ததைப் படம் பிடிக்க முடிந்தது. வகுப்பறைக்குள் நடப்பதை யார் படம் பிடிப்பது? மறு வருஷம், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், அவன் பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பேரில் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடப் பெயர்களில் ஜாதி கூடாது; ஒரு வட்டாரத்தில் மேலோங்கிய ஜாதியாரையே அங்கே தலைமை உபாத்தியாயராகவும் கல்வி அதிகாரியாகவும் வைக்கக் கூடாது; உபாத்தியாயர்களுக்கு நடத்தை விதி வேண்டும் என்பன அதன் யோசனைகளில் சில. ஆரம்பப் பள்ளிகளில் உபாத்தியாயர்களை நியமிக்கவும் நீக்கவும் பஞ்சாயத்து யூனியனுக்கே அதிகாரம் கொடுக்கலாம் என்பதும் ஒரு யோசனை.

இந்தக் கடைசி யோசனையில் நமக்கு ஒரு அச்சம் உண்டு. அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பள்ளிக்கூடங்களை ஆண்ட காலத்தில் உபாத்தியாயர் பட்ட பாடு பெரியவர்களுக்குத் தெரியும். பிரசிடெண்டுக்குத் தேர்தல் வேலை செய்யாதவருக்கு மறுநாளே மாற்றல்! உதவி பெறும் பள்ளிகளிலோ மானேஜர் நினைத்தால் வேலை, முகஞ்சுளித்தால் வீடு. அந்தக் கொடுமையை ஒடுக்கத்தான் 1973-ஆம் வருஷத்துத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், கல்வி அதிகாரியின் முன் அநுமதியில்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று வகுத்தது. 2018-ஆம் வருஷத்துச் சட்டம் பின்னர் அதன் இடத்துக்கு வந்தது. ஜாதிக்காரரும் கட்சிக்காரரும் சேர்ந்து உபாத்தியாயரை விசாரிப்பதாயிருந்தால், பிள்ளைகளைச் சமமாக உட்கார வைத்த உபாத்தியாயருக்கே முதல் தண்டனை கிடைக்கும். வேலியே பயிரை மேய நாம் வழி செய்யக் கூடாது.

ஆகையால் நாம் சொல்லுவது இது. உபாத்தியாயர் செய்யக் கூடாதவை இன்னின்ன என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். அடிப்பதும் மனத்தை நோகச் செய்வதும் கூடாதென்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் எழுதிவிட்டது. ஜாதி பார்ப்பதையும் அப்படியே பச்சையாக எழுத வேண்டும். இரண்டாவது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடமும், புகார் சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பும் வேண்டும். மூன்றாவது, விசாரிப்பவர்கள் மானேஜருக்கோ, ஊர் ஜாதிக்கோ, மெம்பருக்கோ கட்டுப்பட்டவர்களாக இருக்கக் கூடாது. மெம்பர் இதற்குச் சட்டம் செய்யட்டும். வருஷத்துக்கு எத்தனை புகார், எத்தனை தீர்ந்தது என்று சட்டசபையில் கணக்குக் கேட்கட்டும். ஆனால் இன்னாரை மாற்று, இன்னாரை விடு என்று சீட்டுக் கொடுக்க அவருக்கு வேலையில்லை. அந்தச் சீட்டைக் கேட்டு அவர் வீட்டு வாசலில் நிற்பவர்கள் நாம்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

"பணத்துக்கு நிபந்தனை போடலாமென்றால் டில்லி போடுவதும் சரிதானே?" என்று சிலர் கேட்பார்கள். 2024-25-ஆம் வருஷத்துக்குரிய 2,152 கோடி ரூபாய்க் கல்விப் பணம், டில்லியின் புதிய கல்வித் திட்டத்துக்கு ஒப்பவில்லை என்று நிறுத்தி வைக்கப்பட்டது; மாநில சர்க்கார் 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தோழர்களே! சேரன்மாதேவியில் போட்ட நிபந்தனை, பிள்ளைகளைச் சமமாக நடத்து என்பது. இது, என் திட்டத்தை ஏற்றுக் கொள், இல்லாவிட்டால் பிள்ளைகளின் பணத்தைத் தரமாட்டேன் என்பது. முன்னது பிள்ளைக்காகப் போட்டது. பின்னது பிள்ளையைப் பணயம் வைத்துப் போட்டது. இரண்டும் ஒன்றாகாது.

கடைசியாக, உங்கள் கையிலேயே இருக்கும் அதிகாரத்தைச் சொல்லி முடிக்கிறோம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. ஆனால் உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு யோசனை மாத்திரம் சொல்லலாம் என்று 2012-ல் சட்டத்தைத் திருத்தி விட்டார்கள். திருநெல்வேலியில் சுவர் விழுந்ததும் உதவி பெறும் பள்ளியில்தான் என்பதை நினைவில் வையுங்கள். சர்க்கார் சம்பளம் கொடுக்கிற இடத்தில் பெற்றோருக்கு யோசனை மாத்திரந்தான் என்றால், அந்த விதியை மாற்றும்படி உங்கள் மெம்பர்களை நெருக்க வேண்டாமா?

ஆகவே தாய்மார்களே! அடுத்த குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள். கணக்கு நோட்டைக் கேளுங்கள். உங்கள் பிள்ளை எந்த வரிசையில் உட்காருகிறது, யார் பக்கத்தில் உட்காருகிறது என்று பாருங்கள். மெம்பர் ஓட்டுக்கு வரும்போது மாலையை வீட்டிலே வைத்துவிட்டு இந்தக் கேள்விகளைக் கையிலே எடுத்துக் கொண்டு வாருங்கள்.